எட்டை நாலில்

பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கு.
பிடுங்கினாலும் உடனே கை வைக்காதே.
உள்ளே நானூறு வோல்ட்
கரையேறிய சுறா மாதிரி கிடக்கும்;
செத்துவிட்டதென்று வாயில் கைவிட்டவன்
எங்கள் தெருவிலேயே இருக்கிறான்,
அவனுக்கு இடது கையில் மூன்று விரல்.

இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

மண்டபம் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு முடித்து
காலை எட்டரைக்குத் தூங்க வரும் எமரென்சி
தங்கச்சிமடத்தின் ஒற்றைச் செங்கல் சுவரை
மூன்று முறை தட்டினாள்.
கிதாரை நிறுத்தச் சொல்லவில்லை.
"பாதியாக்கு" என்றாள்.

நாலு வால்வு. இரண்டைக் கழற்றினால் பாதி.
எந்த இரண்டு என்பதில்தான் வம்பு.
ஒரே பக்கத்து இரண்டை எடுத்தால்
இழுக்க ஆள் இருக்கும், தள்ள ஆள் இருக்காது,
ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்ட வத்தை.
ஓரத்து இரண்டையும் எடுத்தேன்.
இன்னும் சுட்டது கண்ணாடி.
பழைய பனியனில் சுற்றி
பிஸ்கட் டின்னில் போட்டேன்.

முதுகில் மூன்று துளை: நாலு, எட்டு, பதினாறு.
உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூத்திருந்தது.
ஸ்பீக்கர் எட்டு ஓம்.
மீட்டர் வைத்தால் ஆறரைதான் காட்டும்.
மீட்டர் பொய் சொல்லவில்லை,
அது மணலில் ஏற்றிவைத்த வல்லத்தின் எடை.
ஓடும்போது வேறு எடை.

எட்டைப் பிடுங்கி நாலில் செருகினேன்.

வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே
மச்சினன் கஸ்பார் கேட்டான், எதுக்கு?
நாலு பேர் பாரத்தை
ரெண்டு பேர் தலையில் வைக்கக்கூடாதில்லையா, என்றேன்.
நாலில் செருகினால்
வால்வுகளுக்கு அது ரெண்டு மடங்கு ஓமாகத் தெரியும்.
"ரெண்டு மடங்குன்னா பாரம் கூடத்தானே செய்யும்?"
இல்லை, ஓம் கூடினால் பாரம் குறையும்.
நண்டைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் நம்புவதற்கே இரண்டு வருடம் ஆனது,
ஒரு டிரான்ஸ்பார்மரும் எரிந்தது.

"கச்சான் அடிச்சா தென்கடலை விட்டுட்டு
வல்லத்தை வடகடலுக்குக் கொண்டுபோறோமே,
அது மாதிரியா?"

அது மாதிரி இல்லை.
சொல்லிவிட்டு யோசித்தேன்.
அது மாதிரிதான்.

வாசித்தேன். திருவிழாவுக்கான இரண்டாம் பாட்டு,
நடுவில் வரும் அந்த நீளமான இழுப்பு.
மறுபடி மூன்று தட்டு.
"எப்பத்தான் பாதியாக்கப் போற?"
ஆக்கிட்டேன் எமரென்சி, ஐம்பது இருபத்தைந்தாகிவிட்டது,
காதுக்கு அது மூணே மூணு டெசிபல்.
சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி.
பிறகு, தூக்கத்தில் பாதி மூழ்கிய குரல்:
"தெரியும். வார்டுல நாலு பிள்ளை அழும்,
ரெண்டு தூங்கிரும்.
தூங்கினதே தெரியாது."

இன்னாசியும் தொம்மையும் பஹ்ரைனுக்குப் போய்
அது மூன்றாவது வாரம்.
நாலு பேர் வல்லத்தில் நானும் கஸ்பாரும்.
விடிய நான்கு மணி, இருட்டு, வாடை இல்லை.
வலையை ஏற்றும்போது
முப்பது துண்டில் பதினாறை மட்டும் எடுத்துவைத்தான்.
மிச்சத்தைக் கரையிலேயே சுருட்டி
தார்ப்பாயால் மூடினான்.
நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
முதுகு வலிக்காமல் திரும்பிவந்தோம்.
ஏலக்காரர் கூடையை எட்டிப் பார்த்தார்.
காதுக்குத் தெரியாத பாதி
தராசுக்குத் தெரிந்தது.

பகலில் ஸ்பீக்கர் வாயைக் கடல் பக்கம் திருப்பினேன்.
நாலில் எட்டு. உள்ளே இரண்டு சிவப்புப் புள்ளி.
நீளமான இழுப்பில் சத்தம் கொஞ்சம் கரகரத்தது,
முன்னைவிட நன்றாகவே இருந்தது.

சுவரில் ஒரே ஒரு தட்டு.
சம்மதமா சலிப்பா,
தெரியவில்லை.